எந்தச் சிவப்பு?

பழைய உழவு இயந்திரங்களைத் திருத்துகிற இரண்டு பேர் சந்தித்தால் எஞ்சினைப் பற்றி ஒரு மணிநேரம் கதைப்பார்கள். பெயின்ட் பற்றிய கதை தொடங்கினால் பின்னேரம் முழுக்கப் போய்விடும். காரணம் எளிது. எஞ்சின் ஒன்றில் ஓடும், அல்லது ஓடாது. நிறம் அப்படியில்லை. தொழிற்சாலையிலிருந்து வந்த நிறமா, பிறகு ஒரு விவசாயி அடித்த நிறமா, வெயிலில் வெளிறிய நிறமா, எங்கள் ஞாபகத்தில் இருக்கிற நிறமா? நான்கும் நான்கு வேறு டின்கள்.

"எனக்கு ஏன் டிராக்டர் பெயின்ட்?" என்று உங்களில் பலர் கேட்பீர்கள். இரண்டு வருடத்துக்கு முன் நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன். கொஞ்சம் பொறுத்து வாசியுங்கள். இது கிளிநொச்சிக்கும் போகிற கதை.

என் பெரியப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஒரு பழைய டிராக்டரை வாங்கினார். கோல்ஃப் விளையாடுவார், அல்லது தோட்டத்தில் கத்தரி வைப்பார் என்றுதான் பெரியம்மா நினைத்திருந்தார். வோரிக்சயரில் ஒரு பண்ணையின் மூலைக் கொட்டிலை மாத வாடகைக்கு எடுத்து அதை நிறுத்தினார். தனியாகப் பாரம் தூக்கக் கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்ததால், சனிக்கிழமைகளில் நான் துணைக்குப் போனேன். துணைக்குப் போனவள் மெல்ல மெல்ல வேலைக்காரியானேன்.

சாம்பலும் சிவப்பும்

நாங்கள் இருப்பது கொவென்ட்ரியில். இந்த நகரத்தின் மேற்குப் பக்கத்தில் பனர் லேன் என்று ஒரு வீதி இருக்கிறது. அங்கே இருந்த தொழிற்சாலையில் 1946 முதல் 1956 வரை ஸ்டாண்டர்ட் மோட்டார் கொம்பனி, ஹரி பெர்குசன் என்பவருக்காக டி.இ. 20 என்ற சிறிய டிராக்டரைச் செய்தது. 5 இலட்சத்துக்கும் மேல் செய்தார்கள். எல்லாம் சாம்பல் நிறம். இங்குள்ளவர்கள் இன்றைக்கும் அதைச் செல்லமாகச் "சின்னச் சாம்பல் பெர்கி" என்று சொல்கிறார்கள்.

ஹரி பெர்குசன் 1884இல் அயர்லாந்தின் வடக்கே, டவுண் மாவட்டத்தில், ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். கலப்பையை டிராக்டரின் பின்னால் மூன்று இடத்தில் கொழுவி, எண்ணெய் அழுத்தத்தால் தூக்கி இறக்கும் முறையை உலகத்துக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். இன்றைக்கு நீங்கள் எந்த நாட்டில் டிராக்டரைப் பார்த்தாலும் அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். அநேகமாக அந்த மூன்று பிடிகள் இருக்கும்.

1953இல் பெர்குசனின் கொம்பனி, ரொறன்ரோவைத் தலைமையிடமாகக் கொண்ட மசி ஹாரிஸ் கொம்பனியோடு சேர்ந்தது. (ரொறன்ரோவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மசி ஹோலில் கச்சேரி பார்த்திருப்பீர்கள். 1894இல் அதைக் கட்டிக் கொடுத்தது அதே மசி குடும்பம்தான்.) மசி ஹாரிஸ் டிராக்டர்கள் சிவப்பு. பெர்குசன் டிராக்டர்கள் சாம்பல். இரண்டு குடும்பம் ஒன்றானால் எந்தச் சேலையைக் கட்டுவது என்று பிரச்சினை வரும் அல்லவா? 1956இல் எஃப்.இ. 35 என்ற புது டிராக்டர் வந்தபோது, தகடுகள் சாம்பல், எஞ்சினும் கியர்பொக்ஸும் வெண்கல நிறம். ஆனால் 1957இன் கடைசியில் நிறம் மாறியது. தகடுகள் சிவப்பு, எஞ்சினும் கியர்பொக்ஸும் சாம்பல். பெயரும் மசி பெர்குசன் 35 ஆனது.

அந்தச் சிவப்புத்தான் பிறகு உலகம் முழுக்கப் போனது. சென்னையில் 1960இல் தொடங்கிய டாஃபே கொம்பனி அதே பெயரில், அதே சிவப்பில் டிராக்டர்களைச் செய்தது. இலங்கைக்கும் சிவப்பு மசிகள் கப்பலில் வந்தன. வன்னியில் வளர்ந்த யாரிடமும் "மசி" என்று சொல்லிப் பாருங்கள். அவர்கள் மனதில் வருவது சிவப்பு.

பனர் லேனில் 2002இல் உற்பத்தி நின்றுவிட்டது. இப்போது அந்த இடத்தில் பனர்புரூக் பார்க் என்ற குடியிருப்பு இருக்கிறது. என் பள்ளித் தோழி ஒருத்தியின் வீடு அங்கேதான். எத்தனையோ பிறந்தநாள்களுக்கு அங்கே போயிருக்கிறேன். எங்கள் காலுக்குக் கீழே என்ன இருந்தது என்று எங்கள் இருவருக்கும் தெரியாது.

சுரண்டினால் வருவது

பெரியப்பா வாங்கிய டிராக்டர் சிவப்பாகத்தான் வந்தது. வெளிறிய, அங்கங்கே கழன்ற சிவப்பு. விரலால் தேய்த்தால் விரலில் சிவப்புத் தூள் ஒட்டும். பொனட்டைத் தட்டிவிட்டு, "இதுதான் பிள்ளை எங்கட மிசின்" என்றார் பெரியப்பா. அவர் டிராக்டர் என்று சொல்லவே மாட்டார். மிசின்தான்.

மூன்றாவது சனிக்கிழமை பொனட்டைக் கழற்றி அதன் உட்பக்கத்தைக் கழுவினேன். சிவப்புக்குக் கீழே சாம்பல் தெரிந்தது.

"பெரியப்பா, இதுக்குக் கீழ சாம்பல் இருக்கு."

"அது பிரைமரா இருக்கும்."

"பொனட்டிலை மட்டும் எண்டா சரி. கியர்பொக்ஸிலை வெண்கல நிறம் வருது. வந்து பாருங்கோ."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தார். எண்ணெயும் மண்ணும் சேர்ந்து கட்டியாகக் கிடந்த இடத்தில், அந்த அழுக்கே ஒரு போர்வையாக இருந்து பழைய பெயின்டைக் காப்பாற்றியிருந்தது. மங்கலான வெண்கல நிறம். டாஷ்போர்டில் இருந்த இலக்கத் தகட்டைத் துடைத்துப் பார்த்தோம். சந்தேகமே இல்லை. இது சிவப்பு மசி பிறக்குமுன் வந்த எஃப்.இ. 35. யாரோ ஒரு விவசாயி, புது மாதிரியைப் போலத் தெரியட்டும் என்று பிறகு சிவப்பு அடித்திருக்க வேண்டும்.

பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. தேநீர் ஊற்றக் கொட்டிலுக்கு வெளியே போனார்.

அன்றைக்கிருந்து ஆளாளுக்கு ஒரு கருத்து. பண்ணைக்காரப் பெரியவர் ஒருவர், எண்பதைத் தாண்டியவர், தன்னுடைய சொந்த மசி 35ஐ ஐம்பது வருடமாக வைத்திருப்பவர், உறுதியாகச் சொன்னார்: "சாம்பலும் வெண்கலமும்தான். அந்த நிறத்தில் வந்தது கொஞ்சக் காலம். மிஞ்சியிருப்பவற்றைச் சிவப்பாக்கினால் அந்தக் காலம் அழிந்துவிடும்." என் ஒன்றுவிட்ட தம்பி வந்து பார்த்துவிட்டு, "ஒண்டும் அடிக்காதேங்கோ. எண்ணெய் பூசி இப்படியே விடுங்கோ. கீறலும் துருவும் தானே அதின்ரை வயசு" என்றான். இப்படிப் பழசைப் பழசாகவே வைத்திருப்பதையும் பலர் விரும்புகிறார்கள். விலையும் சில நேரம் அதற்குத்தான் கூட.

பெரியப்பாவுக்குச் சிவப்புத்தான் வேண்டும்.

மூன்றும் நியாயமான பேச்சு. திருத்துவது என்றால் பழைய நிலைக்குக் கொண்டுவருவது என்று சொல்கிறோம். எந்தப் பழைய நிலை? 1957இல் பனர் லேன் வாசலைத் தாண்டிய காலையா? ஒரு விவசாயி சிவப்பு அடித்த வருடமா? அதற்குப் பிறகு மழையில் நின்ற காலமா? பெயின்ட் டின்னைத் திறக்குமுன் இதற்குப் பதில் வேண்டும்.

ஏ-35

பெரியப்பா ஏன் சிவப்பு என்று நிற்கிறார் என்பது எனக்கு அரைகுறையாகத்தான் தெரிந்திருந்தது. கதை முழுக்க வந்தது கொட்டிலில்தான். கைகள் வேலையில் இருக்கும்போது எங்கள் ஆட்கள் கதைப்பார்கள். முகத்தைப் பார்த்துக் கேட்டால் சொல்ல மாட்டார்கள்.

என் அப்பப்பா 1970களில் ஒரு மசி 35ஐப் பழையதாக வாங்கினார். இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் விளைகிற வயல். பெரியப்பா பதினைந்து வயதில் அதை ஓட்டப் பழகினார். காலபோகத்துக்குத் தங்கள் வயலை உழுதுவிட்டு, கூலிக்கு மற்றவர்களின் வயலையும் உழுவார். அந்த மிசின் உழைத்த காசில்தான் இரண்டு அத்தைமாருக்கும் கல்யாணம் நடந்தது. 1984இல் பெரியப்பா நாட்டை விட்டுப் புறப்பட்டபோது, பெட்டியில் ஏற்றிப் பரந்தன் சந்தியில் பஸ்ஸுக்குக் கொண்டுபோய் விட்டதும் அதே மிசின்தான். (பெட்டி என்றால் டிராக்டரின் பின்னால் பூட்டுகிற வண்டி. வெளிநாட்டில் பிறந்தவர்களுக்காகச் சொல்கிறேன்.)

2008இன் கடைசியில் போர் கிளிநொச்சியை நெருங்கியபோது அப்பப்பாவும் அப்பம்மாவும் அயலவர்களும் அந்தப் பெட்டியில்தான் சாமான் ஏற்றினார்கள். பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகிற வீதிக்கு இலக்கம் ஏ-35. தருமபுரம், விசுவமடு, பிறகு புதுக்குடியிருப்புப் பக்கம். ஒவ்வொரு இடத்திலும் சாமான் குறைந்தது. கடைசியில் வீதியும் இல்லை, டீசலும் இல்லை. மிசினை ஒரு மரத்துக்குக் கீழே நிறுத்திவிட்டு நடந்தார்கள்.

முகாமிலிருந்து முதல்முறை தொலைபேசியில் கதைக்கக் கிடைத்தபோது அப்பப்பா பெரியப்பாவிடம் சொன்ன முதல் வசனம், "தம்பி, மிசினை விட்டிட்டு வந்திட்டன்."

அந்த மிசினின் படம் ஒன்றும் எங்களிடம் இல்லை. அல்பங்களும் அதே வீதியில்தான் போயின. அப்பப்பாவும் இப்போது இல்லை.

இதைச் சொல்லி முடித்துவிட்டு, கையில் இருந்த கம்பித் தூரிகையைப் பார்த்தபடி பெரியப்பா சொன்னார்: "அந்தப் பெரியவர் சொல்லுறது முழுக்கச் சரி, பிள்ளை. ஆனா நான் இதைக் காட்சிக்கு வைக்கிறதுக்கு வாங்கேல்லை. இதிலை ஏறி இருந்து முன்னாலை பாக்கிறதுக்கு வாங்கினனான். முன்னாலை பாத்தால் சிவப்பு தெரியவேணும்."

டிராக்டரின் இருக்கையில் இருந்தால் கண்ணுக்கு முன்னால் இருப்பது பொனட் ஒன்றுதான். அதில் ஏறி இருந்து பார்த்த பிறகுதான் அவர் சொன்னது எனக்கு விளங்கியது.

மூன்று அட்டைகள்

சிவப்பு என்று முடிவானது. அடுத்த கேள்வி, எந்தச் சிவப்பு?

"மசி சிவப்பு" என்று டின்னில் எழுதி விற்கிறவர்கள் பலர் இருக்கிறார்கள். மூன்று இடங்களில் மூன்று சிறிய டின்கள் வாங்கி மூன்று அட்டையில் அடித்தேன். மூன்றும் வேறு. ஒன்று செம்மஞ்சள் பக்கம் சாய்ந்தது. ஒன்று இருண்ட சிவப்பு. மற்றது நடுவில்.

நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கவனிக்க வேண்டிய சிலவற்றைச் சொல்கிறேன். சைக்கிளுக்கோ அறைக் கதவுக்கோ பெயின்ட் அடிக்கிறவர்களுக்கும் உதவும்.

முதலாவது, குழல் விளக்கின் கீழே ஒரே நிறமாகத் தெரிகிற இரண்டு அட்டைகள் வெளியே வெளிச்சத்தில் வேறாகத் தெரியலாம். எப்போதும் பகல் வெளிச்சத்தில், நேர் வெயில் படாத இடத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டாவது, சிவப்புப் பெயின்ட் மற்ற நிறங்களைப் போல அடியை நன்றாக மறைக்காது. அடியில் வெள்ளை இருந்தால் ஒரு சிவப்பு, சாம்பல் இருந்தால் இன்னொரு சிவப்பு, ஒரே டின்னிலிருந்து. அதனால் அட்டையிலும் நீங்கள் அடிக்கப்போகிற அதே பிரைமரை முதலில் அடியுங்கள். மூன்றாவது, ஈரமான பெயின்டை நம்பாதீர்கள். காய்ந்த பிறகு நிறம் மாறும்.

ஒப்பிட்டுப் பார்க்க உண்மையான தொழிற்சாலைச் சிவப்பும் வேண்டும். எங்கள் டிராக்டரில் இருந்தது பிறகு அடித்த சிவப்பு, அது உதவாது. அந்தப் பண்ணைக்காரப் பெரியவரின் மசி பிறப்பிலேயே சிவப்பு. சாம்பலுக்காக வாதாடிய அதே மனிதர், தன் டிராக்டரின் பற்றரித் தட்டைக் கழற்றி, அறுபது வருடமாக வெயிலே படாத ஒரு மூலையைத் துணியால் துடைத்து எங்களுக்குக் காட்டினார். வெயில் படாத மூலைதான் பழைய பெயின்டின் பிறப்புச் சான்றிதழ். நடு அட்டை அதோடு அச்சொட்டாகப் பொருந்தியது.

பெரியப்பா அதைப் பார்த்துத் தலையாட்டினார். "இது இல்லை. எங்கடை இதைவிட வெளிச்சம்."

அவர் கைகாட்டியது செம்மஞ்சள் பக்கம் சாய்ந்த அட்டை.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பெரியவர்தான் கேட்டார், அங்கே டிராக்டரை எங்கே நிறுத்துவீர்கள் என்று. வெளியேதான், வேறெங்கே, என்றார் பெரியப்பா. வன்னி வெயில், வருடம் முழுக்க. பெயின்ட் என்பது நிறப்பொடியும் அதைப் பிடித்துவைக்கிற பசையும். வெயிலின் புற ஊதாக் கதிர் முதலில் அந்தப் பசையைத்தான் தின்னும். பசை போனால் மேலே நிறப்பொடி சுண்ணாம்புபோல் நிற்கும். பளபளப்புப் போகும், சிவப்பு வெளிறும். அதற்கு மேலே அங்கத்தைய செம்மண் புழுதி. பெரியப்பா நாற்பது வருடமாக மனதில் வைத்திருந்தது தொழிற்சாலையின் சிவப்பு இல்லை. பல வருடம் வெயிலில் நின்று வேலை செய்த ஒரு டிராக்டரின் சிவப்பு.

இப்போது நான்கு டின்களில் எது? அவர் செம்மஞ்சளைத்தான் கேட்பார் என்று நினைத்தேன். அவர் இரண்டு அட்டைகளையும் வெளியே கொண்டுபோய், வேலியில் சாய்த்துவைத்து, கன நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நடுவிலை உள்ளதை எடுப்பம். அப்பாவின்ரை மிசினும் ஒரு நாள் இப்பிடித்தானே வந்திருக்கும். வெயிலிலை நிண்டால் மற்றச் சிவப்புத் தானா வரும்."

"இந்த நாட்டு வெயிலுக்கு எத்தினை வருசம் செல்லும் பெரியப்பா?"

"ஒரு நூறு வருசம். நீ பாத்துச் சொல்லு."

அடிக்கிற வேலை

பெயின்ட் வேலையில் பெயின்ட் அடிக்கிற நேரம் மிகக் குறைவு. எங்களுக்குத் தகடுகள் அடித்து முடிய இரண்டு நாள். அதற்கான ஆயத்தம் ஏழு மாதம்.

முதலில் பாதுகாப்பு. அந்தக் காலத்துச் சிவப்பு, மஞ்சள் பெயின்ட்களில் ஈயம் சேர்ந்த நிறப்பொடி இருக்கலாம். ஈயத் தூள் மூளைக்கும் நரம்புக்கும் கெடுதி, சிறுபிள்ளைகளுக்கு இன்னும் கெடுதி. கடைகளில் ஈயம் இருக்கிறதா என்று பார்க்கிற சோதனைக் குச்சி விற்கிறார்கள். எங்கள் டிராக்டரில் இரண்டு இடத்தில் ஈயம் காட்டியது. அதனால் உலர்வாகத் தேய்க்கவில்லை, சூடுகாட்டிக் கிளப்பவும் இல்லை. தண்ணீர் தொட்டு, முகமூடி போட்டு, கையுறையோடு தேய்த்தோம். கழிவைச் சேர்த்துப் பையில் கட்டினோம். வேலை உடுப்பை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் தனியாகத் தோய்த்தோம். பெரியப்பாவின் பேரப்பிள்ளைகள் அந்த மாதங்களில் கொட்டிலுக்கு வரத் தடை.

அடுத்தது எந்த வகைப் பெயின்ட். இரண்டு டின்களைக் கலந்து அடிக்கிற வகை நன்றாக இறுகும், நீண்ட காலம் பளபளக்கும். ஆனால் அதன் இறுக்கியில் ஐசோசயனேட் என்ற இரசாயனம் இருக்கிறது. வாகனங்களுக்குப் பெயின்ட் அடிக்கிறவர்களுக்கு ஆஸ்துமா வருவதற்கு இந்நாட்டில் முக்கிய காரணம் அதுதான். சாதாரண முகமூடி போதாது. வெளியிலிருந்து குழாயில் சுத்தமான காற்று வருகிற முகமூடி வேண்டும். கொட்டிலில் அதற்கு வசதியில்லை, எனவே வேண்டாம் என்று விட்டோம். செலுலோஸ் வகை சீக்கிரம் காயும். ஆனால் அதன் தின்னர் கடுமையானது, கீழே பழைய எனாமல் இருந்தால் அதைச் சுருங்கவைத்துக் கிளப்பிவிடும். நாங்கள் எடுத்தது எனாமல். மெதுவாகக் காயும். முழுதாக இறுகக் கிழமைக் கணக்கில் செல்லும். ஆனால் தூரிகையாலும் அடிக்கலாம், ஸ்பிரே கன்னாலும் அடிக்கலாம்.

எஞ்சினும் கியர்பொக்ஸும் வார்ப்பிரும்பு. அதில் எதிரி துரு இல்லை, எண்ணெய். எழுபது வருடம் கசிந்த எண்ணெயும் கிரீஸும். சுரண்டி, கம்பித் தூரிகையால் தேய்த்து, கழுவி, மறுபடி சுரண்டி, வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வரும்வரைக்கும் செய்ய வேண்டும். பிறகு பிரைமர், அதன் மேல் சாம்பல், தூரிகையால். வார்ப்பிரும்பின் இடுக்குகளுக்குள் தூரிகைதான் போகும். கிரீஸ் ஏற்றுகிற முனைகளிலும், ரப்பர்ச் சீல்களிலும், இலக்கத் தகட்டிலும் பெயின்ட் படாமல் ஒட்டுநாடா சுற்றினோம்.

தகடுகள் வேறு கதை. அங்கே சிறு குழியும் கண்ணுக்குக் குத்தும். பிரைமர் அடித்து, அதன் மேல் கறுப்புப் பெயின்டைப் பனிபோல மெல்லியதாகத் தூவி, பிறகு தண்ணீர் தொட்டுச் சேண்ட் பேப்பரால் தேய்ப்பார்கள். மேடுகளில் கறுப்பு உடனே போகும், பள்ளங்களில் நிற்கும். நிற்கிற இடத்தில் இன்னும் வேலை இருக்கிறது என்று அர்த்தம். கண்ணை ஏமாற்றலாம், இந்தக் கறுப்பை ஏமாற்ற முடியாது.

கடைசியாகக் காலநிலை. ஏப்ரலில் அடிக்கலாம் என்று நான் அவசரப்பட்டேன். பெரியப்பா என்னைப் பொனட்டைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். குளிர்ந்து, மெல்லிய ஈரம். காற்று சூடாகிவிட்டாலும் இரும்பு இரவின் குளிரை வைத்திருக்கும், அதன் மேல் பனி படியும். அந்த ஈரத்தின் மேல் அடித்தால் பளபளப்புப் போய்ப் பால்நிறம் படியும், பிறகு கழரும். பனி படிகிற வெப்பநிலையைவிட உலோகம் குறைந்தது 3 பாகை சூடாக இருக்க வேண்டும் என்பது கணக்கு. ஜூன் வரை காத்திருந்தோம்.

ஜூனில் ஒரு காலை, தூசி எழாமல் தரையை நனைத்துவிட்டு, வடிகட்டிய முகமூடியோடு, கதவுகளைத் திறந்துவைத்து அடித்தோம். ஒரு சாண் தூரம். கையை வளைக்காமல் தகட்டுக்கு நேராக நகர்த்த வேண்டும். விசையைத் தகட்டுக்கு வெளியே தொடங்கி வெளியே நிறுத்த வேண்டும். ஒவ்வொரு வரியும் முந்திய வரியின் பாதியை மூட வேண்டும். முதல் பூச்சு மெல்லியதாக, அடி தெரிந்தாலும் பரவாயில்லை. மறைக்கவேண்டும் என்று ஒரே தடவையில் அள்ளி அடித்தால் வழியும். மட்கார்ட்டுகளை நான் அடித்தேன். பொனட்டைப் பெரியப்பா அடித்தார். கை கொஞ்சம் நடுங்குகிறவர்தான். விசையைப் பிடித்ததும் நடுக்கம் தெரியவில்லை.

உட்பக்கம்

இன்னொன்று சொல்லவேண்டும். பெரியவரிடம் சிவப்பு என்று முடிவெடுத்ததைச் சொன்னபோது கோபிப்பார் என்று நினைத்தோம். அவர் அப்பப்பாவின் மிசின் கதையைக் கேட்டார், பெரியப்பா சொன்னார். கேட்டுவிட்டு அவர் ஒரேயொரு உதவி கேட்டார். பொனட்டின் உட்பக்கத்தில் ஒரு துண்டு இடத்தைத் தொடாமல் விடுங்கள் என்று.

விட்டோம். இரண்டு கை அகலம். அங்கே சேண்ட் பேப்பரால் படிப்படியாகத் தேய்த்து, வெறும் இரும்பு, பிரைமர், 1957இன் சாம்பல், யாரோ அடித்த சிவப்பு என்று நான்கும் வட்டம் வட்டமாகத் தெரிய விட்டு, அதன் மேல் நிறமில்லாத பூச்சு அடித்தோம். கியர்பொக்ஸின் கீழேயும் ஒரு சிறு இடத்தில் வெண்கல நிறம் அப்படியே இருக்கிறது. எந்த டின், எந்தத் திகதி, ஏன் சிவப்பு என்று ஒரு தாளில் எழுதி, தமிழிலும் ஆங்கிலத்திலும், பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கருவிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். நாளைக்கு இதை வாங்குகிற ஒருவர் சாம்பலுக்குத் திருப்ப விரும்பினால் திருப்பலாம். அவருக்கு வேண்டிய தகவல் எல்லாம் இருக்கிறது.

"உண்மையில் நீ எந்த ஊர்?" என்று எங்களில் பலரிடம் கேட்கிறார்கள். ஒரே சொல்லில் பதில் வேண்டும் அவர்களுக்கு. கொவென்ட்ரியில் சாம்பலாகப் பிறந்து, பிறகு சிவப்பாகி, இப்போது கிளிநொச்சி வயல் ஒன்றின் ஞாபகத்துக்காக மறுபடி சிவப்பாகியிருக்கிற இந்த மிசினிடம் அப்படிக் கேட்டால் பொனட்டைத் திறந்துதான் காட்டவேண்டும்.

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் வீட்டில் பெரியவர்கள் விட்டுவிட்டு வந்த ஒரு பொருளின் நிறத்தைக் கேளுங்கள். சைக்கிள், யன்னல், வள்ளம், தையல் மிசின், எதுவும் சரி. "என்ன நிறம்?" என்று மட்டும் நிறுத்தாதீர்கள். கடையில் சில அட்டைகளை எடுத்துவந்து முன்னால் வையுங்கள். "இது இல்லை, இதைவிட வெளிச்சம்" என்று அவர்கள் சொல்லத் தொடங்குகிற இடத்திலிருந்து எழுதிக்கொள்ளுங்கள்.

முன்விளக்கு இரண்டும் இன்னும் பூட்டவில்லை, இருக்கைக்கும் தோல் போடவேண்டும். வயரிங் வேலை அடுத்த மாதம் தொடங்குகிறோம். மின்சாரம் தெரிந்தவர்கள் யாராவது சனிக்கிழமை வரமுடியுமென்றால் சொல்லுங்கள். பெரியப்பா நல்ல தேநீர் ஊற்றுவார்.